இயேசு சிலுவையில் மரித்தார் என்று சொன்னால் போதாதா? ‘அடக்கம் பண்ணப்பட்டார்’ என்று சபை தன் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் ஏன் தனியாகச் சேர்த்தார்கள்?

நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன், இறையியல் படித்தவன் இல்லை. ஞாயிறுதோறும் “சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம் பண்ணப்பட்டார்” என்று சபையோடு சேர்ந்து சொல்லும்போது வாய் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிரசங்கங்களும் அந்த இடத்தில் நிற்பதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு பேசுவார்கள். அப்புறம் நேரே ஞாயிறு விடியற்காலைதான். நடுவில் நடந்ததற்கு முறை வருவதே இல்லை.

வழக்கமாகக் கிடைக்கும் பதில் இது: அடக்கம், மரணத்துக்கான அத்தாட்சி. தவறில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் தானும் ஒப்புவிப்பதாகச் சொல்லிவிட்டு, மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று வரிசையாகப் போகிறார். மாற்கு எழுதியதில் ரோம ஆளுநர் பிலாத்துவுக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு சீக்கிரமாகவா என்று ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் உடலைக் கொடுக்கிறான். கிறிஸ்துவுக்கு இருந்தது மெய்யான உடலே இல்லை, வெறும் தோற்றம்தான் என்று சொன்னவர்கள் ஆரம்ப காலத்திலேயே இருந்தார்கள். அந்தியோக்கியா பேராயர் இக்னேஷியஸ் அவர்களுக்கு எதிராக, மெய்யாகவே பிறந்தார், மெய்யாகவே மரித்தார் என்று அழுத்தி அழுத்தி எழுத வேண்டியிருந்தது.

சரி, அத்தாட்சி மட்டும்தான் என்றால் நூற்றுக்கு அதிபதியின் சாட்சியே போதும். நான்கு சுவிசேஷங்களும் மெனக்கெட்டு இதை விவரித்திருக்க வேண்டியதில்லை.

சிலுவைத் தண்டனையை ரோமர்கள் எதற்கு வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். ஆளைக் கொல்வதற்கு வாள் போதும். பலரும் வந்துபோகிற இடத்தில், நிர்வாணமாக, மெதுவாகச் சாகவிட்டு மானத்தை அழிப்பதுதான் சிலுவையின் வேலை. கி.மு. 71இல் ஸ்பார்டகஸின் அடிமைக் கலகத்தை அடக்கிய பிறகு, கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலை நெடுக 6,000 பேரைத் தொங்கவிட்டார்கள். உடலை இறக்காமல் பறவைக்கும் நாய்க்கும் விடுவதும் அந்தத் தண்டனையில் சேர்ந்தது. புதைக்கப்படாமல் போவதுதான் அதன் கடைசிக் கட்டம்.

அதனால் இயேசுவின் உடலும் அப்படித்தான் விடப்பட்டிருக்கும், கல்லறைக் கதை பின்னால் வந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. யூதர்கள் சிலுவையில் அறையப்பட்டவர்களைக்கூடச் சூரியன் மறையும் முன் இறக்கிப் புதைப்பார்கள் என்று அந்த நூற்றாண்டிலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். 1968இல் எருசலேமுக்கு வடக்குப் பக்கம் ஒரு குடும்பக் கல்லறையைத் தோண்டியபோது, யெகோகனான் என்று பெயர் பொறித்த, எலும்புகளை எடுத்து வைக்கும் கல்பெட்டி கிடைத்தது. உள்ளே இருந்த குதிகால் எலும்பில் 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆணி அப்படியே இருந்தது. நுனி வளைந்துபோன ஆணி அது. பிடுங்க முடியாமல் ஆணியோடேயே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள் போலும். சிலுவையில் செத்த ஒருவனையும் அவனுடைய குடும்பம் விட்டுவிடவில்லை என்பதற்கு அந்த ஒரு பெட்டி போதும்.

இந்த வழக்கத்துக்கு அடிப்படை பழைய ஏற்பாட்டின் உபாகமம் 21:23. மரத்தில் தூக்கிப்போடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று சொல்வது இந்த வசனம்தான். கலாத்தியர் நிருபத்தில் பவுல் இதைத்தான் எடுத்து, கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்கிறார். நாமும் அந்தப் பாதியைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். ஆனால் அதே வசனம், அவன் உடல் இரவு முழுக்க மரத்தில் தொங்கக் கூடாது, அன்றைக்கே அடக்கம் பண்ண வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. சபிக்கப்பட்டவனுக்கும் குழி உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பாதி நடந்தது. மற்ற பாதியை நடத்த, அந்தச் சாயங்காலத்தில் ஆள் வேண்டியிருந்தது.

வந்தது யார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். உம்மோடு சாவதற்கும் ஆயத்தம் என்ற பேதுருவைக் காணோம். அரிமத்தியா ஊர் யோசேப்பு, ஆலோசனைச் சங்கத்தைச் சேர்ந்தவர், பயத்தில் அதுவரை சீஷன் என்று வெளியே காட்டிக்கொள்ளாதவர், துணிந்து பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்கிறார். முன்பு இரவில் ஒளிந்து வந்து பேசிய நிக்கொதேமு, உடலோடு வைத்துச் சுற்றும் வாசனைப் பொருள்களான வெள்ளைப்போளமும் கரியபோளமும் நூறு இராத்தல் கொண்டுவருகிறார். இன்றைய கணக்கில் முப்பது கிலோவுக்கும் மேல். (பேசாமல் இருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்துக் கொண்டுவந்தாரோ என்னவோ.)

யோவான் சொல்லும் கணக்குப்படி அன்றிரவுதான் யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்து. தீட்டுப்பட்டால் விருந்து சாப்பிட முடியாது என்று, குற்றம் சாட்டியவர்கள் காலையில் பிலாத்துவின் அரண்மனைக்குள் நுழையாமல் வெளியே நின்றார்கள். பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு என்று எண்ணாகமம் சொல்கிறது. இவர்கள் இரண்டு பேரும் அது தெரிந்தே தொட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம், நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயே ஆக வேண்டும் என்பார்கள். என் அப்பாவோடு நிலத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த சித்தப்பா, அப்பா இறந்த அன்று யாரும் சொல்லாமலே வந்து நின்றார். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது குழிக்குள் இறங்கி நின்று கீழே தாங்கிப் பிடித்தவர் அவர்தான். அப்பாவால் இனி அவருக்கு எந்தப் பதிலும் சொல்ல முடியாது. மன்னிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது. அதற்குப் பிறகுதான் யோசேப்பையும் நிக்கொதேமுவையும் பற்றிய பகுதியை நான் நின்று வாசிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சாயங்காலத்தில் இயேசு எதுவும் செய்வதில்லை. அதுவரை குஷ்டரோகியைத் தொட்டதும், அப்பம் பிட்டதும், கால் கழுவியதும் அவர். இப்போது அவரை இறக்குகிறார்கள், துப்பட்டியில் சுற்றுகிறார்கள், தூக்கிப் போகிறார்கள், இன்னொருவருக்கு வெட்டிய கல்லறையில் கிடத்துகிறார்கள். தேவன் மனிதரானார் என்று கிறிஸ்மஸில் பாடுகிறோம். அந்த மனிதரானது எதுவரை போகிறது என்று கேட்டால், தன்னைப் புதைக்க இன்னொருவர் கை தேவைப்படும் நிலைமை வரை என்பேன். சிலுவைக்கு விளக்கம் பல உண்டு: மீட்பின் கிரயம், நமக்குப் பதிலாக ஏற்ற தண்டனை, மரணத்தின் மேல் வெற்றி. இவற்றில் இதுதான் சரி என்று பேராயர்கள் கூடிய பழைய பொதுச் சங்கங்கள் எதுவும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ‘அடக்கம் பண்ணப்பட்டார்’ என்பதையோ விசுவாசப் பிரமாணத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறோம். அடுத்த வரியில் பாதாளத்தில் இறங்கினார் என்கிறோம். “நான் பாதாளத்தில் படுக்கைபோட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்” என்ற 139ஆம் சங்கீதத்தை இந்த இரண்டு வரிகளோடு சேர்த்துத்தான் என்னால் வாசிக்க முடிகிறது.

இன்னொன்று. கல்லறைக்கு எதிரே மகதலேனா மரியாளும் மற்ற மரியாளும் உட்கார்ந்திருந்தார்கள் என்கிறார் மத்தேயு. ஓய்வுநாள் முடிந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை, மாற்கு சொல்கிறபடி, உடலுக்குப் பூசும் சுகந்தவர்க்கம் வாங்கியது. உயிர்த்தெழுதலை எதிர்பார்த்து யாரும் அதை வாங்க மாட்டார்கள், அரைகுறையாக நின்ற அடக்கத்தை முடிக்கத்தான் வாங்குவார்கள். மூன்றாம் நாளைப் பற்றி அவர் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தது எதிராளிகள்தான். கல்லறைக்குக் காவல் போடச் சொல்லி பிலாத்துவிடம் போனதும் அவர்களே.

நமக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியும் என்பதால் சனிக்கிழமையைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் “அழாதீங்க, பரலோகத்துல பார்க்கப்போறோம்” என்று ஆரம்பிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர்கள் சொல்வதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பெண்களிடம் அந்த ஒரு நாள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களை அழவிட்டார்கள்.