நாலு இடத்துக் கணக்கை ஒரே திரையில் காட்டும் மென்பொருள்: வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ரெடிமேட் ஆடை மொத்த வியாபாரம் செய்கிறோம். மூன்று கிளைகளின் பில்லிங் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. ஆன்லைன் ஆர்டர் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில், கணக்கு டாலியில், குடோன் இருப்பு கூகுள் ஷீட்டில். ‘டேட்டா ஃபெடரேஷன்’ மென்பொருள் போட்டால் எதையும் இடம் மாற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். ஆண்டுக்கு நாலரை லட்சம் ரூபாய். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் சொல்வது பொய்யில்லை. தரவு இருக்கும் இடத்திலேயே இருக்கும். நீங்கள் ஒன்று கேட்டால் மென்பொருள் நாலு இடத்திலும் விசாரித்து, விடையைச் சேர்த்துத் தரும். ஆனால் உங்கள் நாலு இடத்துக்கும் அதில் கனெக்டர் (அந்த இடத்தோடு இணைக்கும் பகுதி) இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன், இதே வேலையைச் செய்யும் ட்ரினோ என்ற மென்பொருளில் முயன்று பாருங்கள். ஃபேஸ்புக்கில் 2012இல் பிரஸ்டோ என்று தொடங்கிய வேலையிலிருந்து பிரிந்து, 2020 டிசம்பரில் இந்தப் பெயருக்கு மாறியது. ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சிறிய ஃபைல் எழுத வேண்டும்: எந்த கனெக்டர், சர்வர் முகவரி, யூசர் பெயர், பாஸ்வேர்ட் (கூகுள் ஷீட்டுக்கு மட்டும் இவற்றுக்குப் பதில் கூகுளின் அனுமதி ஃபைலும் ஷீட்டின் ஐடியும்). நாலைந்து வரிதான். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், கூகுள் ஷீட் மூன்றுக்கும் கனெக்டர் அதிலேயே வருகிறது.

டாலிக்கு இல்லை. டாலி ஓடிபிசி (வேறு மென்பொருள் தரவை எடுக்க உதவும் வழி) வழியாகத் தரவு கொடுக்கும் என்றாலும், அந்தக் கணினியில் டாலி திறந்து, கம்பெனியும் லோட் ஆகியிருக்க வேண்டும். கணக்குப் பிள்ளை மூடிவிட்டுக் கிளம்பினால் உங்கள் ரிப்போர்ட்டும் நின்றுபோகும். எனவே டாலியை மட்டும் தினமும் கடை அடைக்கும் முன் எக்ஸ்போர்ட் செய்து போஸ்ட்கிரெஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். எல்லாமே நேரலையில் வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே தேவையில்லை.

வேகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கடையில் ட்ரினோவை நிறுவியபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். கிளையின் பெயரைக் கொடுத்து விற்பனை கேட்டார்கள்; பில் டேபிள் முழுவதும் நெட்வொர்க் வழியே இறங்கத் தொடங்கியது. கவுன்டரில் பில் போடும் பையன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான், வரிசை வாசல் வரை போனது. காரணம், ட்ரினோவின் மைஎஸ்கியூஎல் கனெக்டர் பெயர் போன்ற எழுத்து வடிவ நிபந்தனைகளை அந்த டேட்டாபேஸிடம் ஒப்படைக்காது. டேபிளின் வரிகளை வாங்கிவந்து தானே சலிக்கும். பெயருக்குப் பதில் கிளை எண்ணையும் தேதியையும் கொடுத்ததும் தேவையான வரிகள் மட்டும் வந்தன. விற்பனையாளர் டெமோ காட்டும்போது, சலிப்பது எந்தப் பக்கம் நடக்கிறது என்று கேளுங்கள். பில்லிங் சர்வரை நேராகத் தொட விடாதீர்கள். அதன் ரெப்ளிகா (தானாகப் புதுப்பிக்கப்படும் நகல்) ஒன்று வைத்து, படிக்க மட்டும் உரிமையுள்ள தனி யூசர் கொடுங்கள்.

இன்னொன்று, இப்படிச் சேர்த்துக் காட்டும் மென்பொருள் தானாகச் செய்து தராதது. ஒரே வாடிக்கையாளர் பில்லில் ‘டெக்ஸ்’, டாலியில் ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்று இருந்தால் இரண்டு பேராகத்தான் தெரிவார். பெயரை வைத்துச் சேர்க்காமல், 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை வைத்துச் சேருங்கள். அது எல்லா இடத்திலும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்றால், உங்கள் தரவிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கடந்த மாதத்தில் ஒரு வாடிக்கையாளர் வாங்கியது, கொடுத்தது, பாக்கி மூன்றும் ஒரே விடையில் வர வேண்டும். அந்தத் தொகையைக் கையால் கூட்டி ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சொந்தப் பிழைப்புக்கான சுயதொழிலுக்கு மட்டுமே விலக்கு. மூன்று கிளை வைத்திருக்கும் உங்களுக்கு அந்த விலக்கு கிடைப்பது கடினம். பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒப்பந்தத் தாள்தான்.