ஐசி போச்சு, அடுத்து என்ன?

கேள்வி: சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கைப்பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐசி (அடையாள அட்டை), பேங்க் கார்டு எல்லாம் அதில்தான். என் பேரில் யாராவது கடன் வாங்கிவிடுவார்களா?

பதில்: வாங்க முயற்சி பண்ணலாம், அம்மா. முதலில் பேங்குக்குப் போன் போட்டுக் கார்டை முடக்குங்கள்; பின் நம்பரைத் துண்டுத்தாளில் எழுதிக் கார்டோடு மடித்து வைத்திருந்தால் (நம் ஆட்களுக்கு இது பழகிப்போன பழக்கம்) இந்த நிமிடமே. அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். அதில் ‘தொலைந்தது’ என்று போடவிடாதீர்கள், ‘பறித்தார்கள்’ என்றே எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் திருட்டில் போன ஐசிக்குப் பதிவிலாகாவில் அபராதம் கிடையாது. புது ஐசி வந்தாலும் நம்பர் அதேதான், அதனால் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை (உங்கள் பேரில் உள்ள கடன் விவரத்தை) அவ்வப்போது எடுத்துப் பாருங்கள், இலவசம். வாங்காத கடன் அதில் தெரிந்தால் ரிப்போர்ட் நகலோடு அந்தப் பேங்கிலேயே போய் நில்லுங்கள். ஏமாற்றிப் பணத்தையே எடுத்துவிட்டால் உடனே 997, மோசடிப் புகார் எண், அதற்குப் போன் போடுங்கள்.