சூப்பர் கப் பார்க்க ஒன்றரை லட்சம் அட்வான்ஸா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் 15 வயது மகனுக்கு ஃபுட்பால் பைத்தியம். 2026 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் யூஃபா (ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம்) நடத்தும் சூப்பர் கப்புக்கு மேட்ச் டிக்கெட், விசா, விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து இருவருக்கும் நாலே முக்கால் லட்சம் என்கிறார் ஒரு ஏஜென்ட். விசாவுக்கு நூறு சதவீத கியாரண்டியாம். இந்த வாரமே ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? என் தங்கை மகன் ஜெர்மனியின் மியூனிக்கில் வேலை பார்க்கிறான், அவன் உதவுவானா? நோட்டீஸின் போட்டோவை இணைத்திருக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள்.

அந்த நோட்டீஸே போதும். மேலே கொட்டை எழுத்தில் 'ரியல் மாட்ரிட் மோதும் சூப்பர் கப்' என்று போட்டிருக்கிறார். ஐரோப்பாவில் சாம்பியன்ஸ் லீகை ஜெயித்த அணியும் யூரோப்பா லீகை ஜெயித்த அணியும் மோதும் ஒரே ஒரு மேட்ச்தான் சூப்பர் கப். அந்த இரண்டு ஃபைனலும் மே 20, மே 30 தேதிகளில். அது முடியும்வரை யார் மோதுவார்கள் என்று யூஃபாவுக்கே தெரியாது. இவர் பெண் பார்க்கும் முன்பே பத்திரிகை அடித்துவிட்டார்! ரியல் மாட்ரிட் 6 முறை இந்தக் கோப்பையை வாங்கிய அணி, வேறு யாரும் அத்தனை முறை வாங்கியதில்லை. அந்தப் பெயரைப் போட்டால் பையன்கள் அப்பாவை நச்சரிப்பார்கள் என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியும். 2025இல் இத்தாலியின் உதினே ஊரில் மோதியது பி.எஸ்.ஜி., டாட்டன்ஹாம் என்ற வேறு இரண்டு கிளப்புகள். இதை மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, தேதியைப் பாருங்கள். நோட்டீஸில் ஆகஸ்ட் 13 என்று இருக்கிறது. சால்ஸ்பர்க்கில் மேட்ச் ஆகஸ்ட் 12, புதன்கிழமை. இந்த மேட்ச் வழக்கமாக அங்கே இரவு 9 மணிக்குத் தொடங்கும்; அப்போது நம் ஊரில் நள்ளிரவு 12.30, தேதி மாறியிருக்கும். இங்கே ஃபோனில் காட்டிய தேதியை அப்படியே அச்சடித்திருக்கிறார். ஹோட்டலும் 13ஆம் தேதி மதியத்திலிருந்துதான். அவர் சொன்னபடி போய் இறங்கினால் ஸ்டேடியத்தைக் கூட்டிப் பெருக்குவதைப் பார்த்துவிட்டு வரலாம்.

'டிக்கெட் கையில் இருக்கிறது' என்கிறாராம். இருக்க முடியாது. ஒரு பங்கு டிக்கெட் மோதும் இரண்டு கிளப்புகளின் ரசிகர்களுக்குப் போகும். பொதுமக்களுக்கானதை யூஃபா தன் இணையதளத்தில் விற்கிறது. கூட்டம் அதிகமானால் குலுக்கல். அது சுமார் 30 ஆயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம்தான், அதனால் குலுக்கல் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் யூஃபாவின் ஆப்பில் உங்கள் ஃபோனுக்கு வரும். வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பி 'இதுதான் டிக்கெட்' என்று யாராவது சொன்னால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

விசா கியாரண்டி என்பது பச்சைப் பொய். சென்னையில் விசா விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் இருப்பவர்கள் காகிதத்தையும் விரல் ரேகையையும் வாங்கி அனுப்புவார்கள், அவ்வளவுதான். முடிவு தூதரகத்துடையது. 12 வயதுக்கு மேல் ஆளுக்கு 90 யூரோ கட்டணம், மையத்தின் சர்வீஸ் சார்ஜ் தனி. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. மறுப்புக்கு ஒரு அச்சடித்த படிவம் கொடுப்பார்கள். அதில் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்திருக்கும். 'திரும்பி வருவீர்கள் என்பதில் சந்தேகம்' என்ற கட்டத்தில் டிக் விழுந்தால், முப்பது வருடமாகப் பட்டறை நடத்தும் மனிதர் எதை வைத்து அதைப் புரிந்துகொள்வார்? கேட்கப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இல்லை.

உங்கள் தொழிலைப் பார்த்ததும் ஏஜென்ட் இன்னொன்றும் சொல்லியிருப்பார்: 'அக்கவுண்ட்டில் பேலன்ஸ் நான் காட்டுகிறேன், வட்டி மட்டும் கொடுங்கள்.' கொலுசுத் தொழிலில் போட்ட பணம் பாதி வெள்ளியாகவும் பாதி கடனாகவும் நிற்கும், வங்கியில் பெரிதாக இருக்காது என்பது நமக்குத் தெரியும். ஆனால் மாதக்கணக்காக நாற்பதாயிரம் இருந்த கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் விழுந்தால் ஸ்டேட்மென்ட்டில் அது பளிச்சென்று தெரியும். மறுப்புக்கு அதுவே காரணமாகிவிடும். ஐ.டி. ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. பதிவு, பட்டறையின் வாடகைப் பத்திரம் அல்லது சொத்து வரி ரசீது, இதையெல்லாம் உள்ளபடி வையுங்கள். தொகை குறைவாக இருந்தாலும் கதை ஒன்றாக இருக்க வேண்டும்.

மியூனிக்கில் தங்கை மகன் இருக்கிறான் என்றீர்களே, அதைக் கடைசி வரியில் போட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அல்லது எது பயணத்தின் முக்கிய நோக்கமோ, அந்த நாட்டிடம் விசா கேட்க வேண்டும். மேட்சுக்காக மட்டும் போனால் ஆஸ்திரியா. ஆறு நாள் அவன் வீட்டில் தங்கிவிட்டு நடுவில் ஒரு ராத்திரி சால்ஸ்பர்க் போய் வந்தால் ஜெர்மனி. இரண்டு நாட்டிலும் சரிசமமாக நாள் வந்தால் முதலில் எங்கே நுழைகிறீர்களோ அந்த நாடு. விசா ஜெர்மனி கொடுத்தாலும் அதே ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) ஆஸ்திரியாவுக்குள் போகலாம், தனியாக வேண்டாம். 'அந்த நாட்டில் ஸ்லாட் (விண்ணப்பம் கொடுக்கும் நாள்) சீக்கிரம் கிடைக்கும், அங்கே போட்டுவிடலாம்' என்று பொய் ஹோட்டல் புக்கிங் வைப்பது ஏஜென்ட்டுகளின் பழைய வேலை. அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

ஜெர்மனி வழியில் இன்னொரு லாபமும் உண்டு. டிக்கெட் இல்லாமல் மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல முடியாது. குலுக்கலுக்காகக் காத்திருந்தால் விசா ஸ்லாட் போய்விடும். ஐரோப்பாக்காரன் ரயில் ஏறி வந்துவிடுவான், அவனை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. உறவினரைப் பார்க்கப் போவதுதான் உண்மையான பயணம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு 15 நாள், சில சமயம் 45 நாள்வரை இழுப்பார்கள். டிக்கெட் குலுக்கலில் தங்கை மகன் பெயரில் விண்ணப்பித்து அவனும் உங்களோடு வரட்டும். ஒரு விண்ணப்பத்துக்கு எத்தனை டிக்கெட் என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள். விழவில்லையா, மருமகனைப் பார்த்த கணக்கு. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மேட்ச் சமனானால் 2023 முதல் கூடுதல் நேரம் கிடையாது, நேரே பெனால்டிதான். அப்படியும் இரவு 11 தாண்டிவிடும் என்பதால் அன்று அங்கேயே அறை எடுங்கள்.

மகன் மைனர் என்பதால் வீட்டம்மாவின் சம்மதக் கடிதமும், ஆகஸ்டில் பள்ளி நடக்கும் என்பதால் பள்ளியின் விடுப்புக் கடிதமும் வேண்டும். ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதோடு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். ஆன்லைனில் அனுப்பி ஏமாந்தது தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். இன்று ராத்திரியே மகனின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.