விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கருப்பு: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: சித்தப்பாவின் லேப்டாப்பில் பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சத்தமும் கேட்கிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. கடையில் ஐந்தே நிமிடத்தில் ‘மதர்போர்டு போயிடுச்சு, வச்சிட்டுப் போங்க’ என்றார்கள். பேரப்பிள்ளைகளின் படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. வைத்துவிட்டு வராமல் திரும்பக் கொண்டுவந்தீர்களே, அதுவே பாதி வேலை. மீட்டர் வைத்து அளக்காமல், வேறு ராம் (ஓடும்போது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பட்டை) போட்டுப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையை, குற்றம் சொல்ல யாராலும் முடியாது. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ராமைத்தான்.

முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்துங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். சில சமயம் இதோடு கதை முடிந்துவிடும்.

வரவில்லையா? அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போர்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. திரைக்குப் பின்னால் ஒளி தரும் பகுதியிலோ அதன் கேபிளிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஹெச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துப் பார்ப்பதும் நல்லது.

அதுவும் இல்லையென்றால் அடிமூடியைத் திறக்க வேண்டும். டச்பேட் மேலே உந்தியிருந்தாலோ மூடி உப்பியிருந்தாலோ அத்தோடு நிறுத்துங்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது; சார்ஜ் போடாதீர்கள், நெம்பாதீர்கள். அப்படி இல்லையென்றால் ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதன் இடத்திலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். நீளமும் குட்டையும் மாறிப்போனால் போர்டில் ஓட்டை விழலாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து எடுங்கள்.

ராமின் இருபுறக் கொக்கிகளை வெளிப்பக்கம் விலக்கினால் அது தானாகச் சாய்வாக எழும்பும். தங்க நிறப் பட்டையை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். அதே சாய்வில், பட்டை கண்ணில் படாத அளவுக்கு உள்ளே தள்ளி, கீழே அழுத்தினால் ‘டக்’கென்று இரு கொக்கியும் பிடிக்கும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ராமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்த மாடலாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மெல்லிசாக இருக்கிறது என்று பெருமையடித்து விற்பதன் விலை இதுதான். ஒரு ராம் கெட்டால் முழு போர்டையும் மாற்று என்பார்கள். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது.

இனி படங்கள். லேப்டாப் எந்தக் கடைக்குப் போனாலும், படங்கள் சேமிக்கப்பட்டிருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு அனுப்புங்கள். போர்டு சரிசெய்ய அது தேவையில்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை. அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையங்களிலும் ‘டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ராமையும் படமெடுத்து வையுங்கள், சீரியல் நம்பர் தெரியும்படி. 16 ஜிபி உள்ளே போய் 8 ஜிபி வெளியே வந்த லேப்டாப்புகளை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கம்பெனி ஹெல்ப்லைன் எண்ணைக் கூகுளில் தேடி, மேலே விளம்பரமாக வரும் எண்ணை அழைத்துவிடாதீர்கள். ஓடாத லேப்டாப்புக்கு ‘உங்கள் போனில் இந்த ஆப்பைப் போடுங்கள்’ என்று எவனாவது சொன்னால் உடனே வைத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னப் பட்டையாக இருக்கும். யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டால் வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலத் திறக்கும். என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை உண்டு. ஸ்டிக்கரில் இருப்பதைப் பார்த்துக் கேஸ் வாங்குங்கள்.

திறக்கும்போது பிட்லாக்கர் என்று 48 இலக்கச் சாவி கேட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்க் கெடவில்லை, பூட்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு விண்டோஸ் அமைத்தால் பல லேப்டாப்புகளில் பூட்டு தானாகவே விழுந்துவிடும், சித்தப்பாவுக்கே தெரிந்திருக்காது. மதர்போர்டை மாற்றினாலும் இதே சாவியைக் கேட்கும். ‘உடைத்துத் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சாவி பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலேயே இருக்கும். எந்த இமெயில் என்று அவரிடம் கேளுங்கள். பழைய போனில் தேடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு மறந்திருந்தால் அக்கவுண்டில் பதிந்துள்ள இமெயிலுக்கோ போன் நம்பருக்கோதான் சரிபார்க்கும் எண் வரும் என்பதால் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அக்கவுண்டில் இரண்டு மூன்று சாவிகள் இருந்தால், திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள்.

அப்புறம், ராமை மாட்டி முதல்முறை ஆன் செய்யும்போது புதிய மாடல்களில் திரை ஓரிரு நிமிடம் கருப்பாகவே இருக்கலாம். அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.