கால் எரிச்சலுக்கு இரண்டு மருந்து சேர்க்கலாமா? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அண்ணாச்சி, சர்க்கரை நோயின் நரம்பு வலி பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

அம்பாசமுத்திரம், பார்மசி மாணவர்: அண்ணாச்சி, மருந்து ஆய்வில் எலிக்கு வலி குறைந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நல்ல கேள்வி தம்பி. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழியும், சர்க்கரை ஏறும். சில வாரங்களில் பாதத்தை லேசாகத் தொட்டாலே எலி துடிக்கும். அப்புறம் அதைக் கம்பிவலை மேல் விட்டு, அடங்கும்வரை காத்திருந்து, அடியிலிருந்து ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து வளையும்வரை அழுத்துவார்கள். வான் ஃப்ரே இழை என்று பெயர். வெடுக்கென்று காலை இழுத்து நக்கினால் வலி. மருந்துக்குப் பிறகு கனத்த இழையையும் பொறுத்துக்கொண்டால் பலன்.

ஆனால் இது தொட்டால் வரும் வலியை மட்டுமே அளக்கிறது. ராத்திரி சும்மா படுத்திருக்கையில் கால் காந்துகிறதே, அதை அளக்காது. தூக்கம் தரும் மருந்து என்றால் இன்னொரு சிக்கல்: எலி காலை இழுக்காதது வலி குறைந்ததாலா, மயக்கத்தாலா? அதனால் சுழலும் உருளையில் நடக்கவிட்டும் பார்க்க வேண்டும். அது இல்லாத ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

மேலப்பாளையம்: அம்மா நரம்பு வலிக்குப் பிரிகாபலின் சாப்பிடுகிறார்கள். அதே வலிக்குக் கொடுக்கும் டுலாக்செட்டினும் சேர்க்கலாமா?

டாக்டரிடம் கேளுங்கம்மா. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். பிரிகாபலின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும்.

வள்ளியூர்: இரண்டு மருந்து சேர்ந்தால் பலன் பெருகும் என்று எலியில் நிரூபித்தாயிற்றே. மனிதனுக்குக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

பெருகுவது வேறு, கூடுவது வேறு. ஒவ்வொரு மருந்தும் தனியாகப் பாதிப் பலன் தரும் அளவை இரண்டு அச்சில் குறித்து, அந்தப் புள்ளிகளை இணைத்து ஒரு கோடு போடுவோம். கலவைக்குத் தேவைப்படும் அளவு கோட்டில் விழுந்தால் வெறும் கூட்டல். கோட்டுக்கு நன்றாகக் கீழே விழுந்தால்தான் பெருக்கம்.

வள்ளியூர்: 2005இல் வந்த ஆய்வில் மார்ஃபினும், பிரிகாபலின் வகை மருந்தான கபாபென்டினும் சேர்ந்து மனிதரிலேயே பலித்ததே?

பலித்தது, மறுக்கவில்லை. தனித்தனியாகக் கொடுத்ததைவிடக் குறைந்த அளவிலேயே வலி நன்றாகத் தணிந்தது. ஆனால் மலச்சிக்கலும் வாய் உலர்தலும் தொந்தரவு செய்தன.

அம்பாசமுத்திரம்: 2013இல் வந்த ஆய்வில் டுலாக்செட்டினும் பிரிகாபலினும் சேர்ந்து தோற்றுப்போனதே, வள்ளியூர்க்காரரே?

தோற்றது என்று சொல்லாதே தம்பி. இரண்டையும் சேர்ப்பதற்கும், ஒன்றையே அளவு கூட்டிக் கொடுப்பதற்கும் முக்கிய அளவுகோலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். 2022இல் பிரிட்டனில் வந்த ஆய்வு இன்னும் தெளிவு: எந்த மருந்தில் தொடங்கினாலும் நிவாரணம் ஏறக்குறைய ஒன்றே, முதல் மருந்து போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது வலி மேலும் குறைந்தது. வள்ளியூர்க்காரருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஒன்றைக் கொடுத்துப் பார், போதாவிட்டால் சேர்.

கடையநல்லூர்: எலிக்குக் கொடுத்த அளவை என் எடையால் பெருக்கினால் போதுமா?

கூடவே கூடாது. எலிக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கை மனிதனுக்கு மாற்றச் சுமார் 6ஆல் வகுப்பார்கள். அதுவும் ஆய்வாளர் திட்டமிடத்தான்.

தென்காசி: வலி மாத்திரை டிரமடோலும் டுலாக்செட்டினும் நானே வாங்கிச் சேர்த்தால்?

இப்போதுதானே சொன்னேன், டாக்டரைக் கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள்! இந்த ஜோடி செரட்டோனின் என்ற நரம்பு ரசாயனத்தை ஏற்றி நடுக்கம், காய்ச்சல், வலிப்பு வரை கொண்டுபோகலாம்.

சங்கரன்கோவில்: பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். கால் மரக்கிறது.

முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 பாருங்கள். நெடுநாள் மெட்ஃபார்மின் அதைக் குறைக்கலாம், அது குறைந்தாலும் கால் மரக்கும்.

நெல்லை டவுன்: கால் மரத்திருக்கிறது. ஆனித் தேருக்கு வடம் பிடிக்கலாமா?

வெறுங்காலோடு வேண்டாம். ரத வீதியில் தார் கொதிப்பது உங்கள் காலுக்குத் தெரியாது. செருப்போடு ஓரமாக நின்று கும்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.