விளக்கும் வெயிலும்: ஒளியைத் திருப்புவது குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி மின்வெட்டு நேரத்து விளக்குகளைப் பற்றியவை. மீதி, வெயிலைக் குவித்துப் பயன்படுத்துவதைப் பற்றியவை. இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல் கலந்தே தந்திருக்கிறேன். விளக்கின் ஒளியை வெளியே அனுப்புவதற்கும் சூரிய ஒளியை உள்ளே வாங்குவதற்கும் அடிப்படை விதி ஒன்றுதான். ஒளி கடந்து செல்லும் பரப்பைச் சுருக்கினால் அது விரியும் கோணம் பெருகும். கோணத்தைச் சுருக்க வேண்டுமானால் பரப்பைப் பெருக்கியாக வேண்டும். எந்த லென்ஸும் எந்தக் கண்ணாடியும் இந்தப் பரப்பு–கோணக் கணக்கை மீற முடியாது என்பதை மனத்தில் கொண்டால், பல விளம்பரங்களின் உண்மை மதிப்பு தானே தெரிந்துவிடும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) நேரத்துக்காக 500 லூமென் எல்.இ.டி. விளக்கு ஒன்று வாங்கி, மேசைக்கு 2 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். பிள்ளைகள் படிக்க வெளிச்சம் போதவில்லை. லென்ஸ் பொருத்தலாமா, அல்லது 1,000 லூமென் விளக்கு வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டுக்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வழியைப் பாருங்கள். லென்ஸ் இல்லாத எல்.இ.டி. சில்லு தன் முன்புறம் முழுவதும் ஒளியைப் பரப்புகிறது. 500 லூமென் (விளக்கு வெளியிடும் மொத்த ஒளி) அவ்வாறு பரவும்போது நேர்கீழ்த் திசையில் செறிவு ஏறத்தாழ 160 கேண்டெலா (ஒரு திசையில் செல்லும் ஒளியின் அளவு) இருக்கும். தூரத்தின் வர்க்கத்தால் இதை வகுத்தால், 2 மீட்டர் கீழே உள்ள மேசையில் கிடைப்பது 40 லக்ஸ் (பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) மட்டுமே. படிப்பதற்கு 300 முதல் 500 லக்ஸ் வரை இருப்பது நல்லது. விளக்கை 1.2 மீட்டருக்கு இறக்கினால், அதே மின்கலத்தில், அதே விளக்கில், மேசை வெளிச்சம் 110 லக்ஸைத் தொடும்.

இப்போது 30 பாகை அரைக்கோணத்துக்குள் (ஒளிக்கூம்பின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு வரையுள்ள கோணம்) ஒளியைச் சேர்க்கும் லென்ஸ் ஒன்றைப் பொருத்துவதாகக் கொள்வோம். அதில் நூற்றுக்கு 15 பங்கு வீணாகும் என்று வைத்துக்கொண்டாலும், மீதமுள்ள 425 லூமென் சிறிய திண்மக் கோணத்துக்குள் (கூம்பு வடிவ விரிவுக்குள்) அடங்குவதால் செறிவு ஏறத்தாழ 500 கேண்டெலாவாக உயரும்; 1.2 மீட்டர் தொலைவில் 350 லக்ஸ் கிடைக்கும். ஒளிவட்டத்தின் விட்டம் அப்போது 1.4 மீட்டர், இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து படிக்க இது போதும். 1,000 லூமென் விளக்கை வாங்கி 2 மீட்டர் உயரத்திலேயே விட்டால் 80 லக்ஸ்தான் கிடைக்கும், மின்கலமும் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே விளக்கை இறக்குங்கள், லென்ஸ் பொருத்துங்கள், மின்கலத்தைப் பெரிதாக்குவதைக் கடைசியில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உங்கள் விளக்கின் முகப்பு பால்நிறத் தகடாக இருந்தால் சிறு லென்ஸ் பயன்படாது, ஏனெனில் ஒளிமூலம் அங்கே சில்லு அன்று, அந்தத் தகடு முழுவதுமே. தகட்டின் குறுக்களவு 60 மில்லிமீட்டர் என்றால், அதன் ஒளி முழுவதையும் 30 பாகைக்குள் அடக்கும் அமைப்பின் வாய் 120 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): எங்கள் தெருக் காவல் குழுவுக்கு, வெகு தொலைவுக்கு அடிக்கும் கைவிளக்கு வேண்டும். சட்டைப் பையில் அடங்கும் சிறிய விளக்கே அப்படி அடிக்கும் என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: விளக்கின் வாய் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2 மில்லிமீட்டர் சதுரச் சில்லின் ஒளி முழுவதையும் 5 பாகை அரைக்கோணத்துக்குள் அடக்குவதற்கு லென்ஸின் விட்டம் குறைந்தது 26 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய லென்ஸ், ஒன்று, கோணத்தை விரிக்கும், இல்லையென்றால் ஒளியில் ஒரு பங்கை வெளியே சிந்தும். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரனெல் தம் லென்ஸை அவ்வளவு பெரிதாக அமைத்ததற்கும் இதுவே காரணம்: எண்ணெய் விளக்கின் சுடர் பெரியது, கதிரோ குறுகியதாக இருக்க வேண்டும்.

கேள்வி (மெரிபேங்க்): லென்ஸ் பொருத்திய விளக்கில் வெள்ளை ஒளிவட்டத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது. விளக்கு கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. வெள்ளை எல்.இ.டி. என்பது நீலச் சில்லின் மேல் பூசப்பட்ட மஞ்சள் பாஸ்பர்தான் (நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சு). சாய்வாக வெளியேறும் கதிர் பாஸ்பருக்குள் நெடுந்தூரம் செல்வதால் மஞ்சள் மிகுகிறது; தெளிந்த லென்ஸ் அந்தக் கதிர்களை விளிம்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. லென்ஸின் முகத்தில் மெல்லிய சொரசொரப்புப் படலம் ஒட்டினால் நிறங்கள் கலந்துவிடும். கதிர் சிறிது விரியும், அவ்வளவுதான்.

கேள்வி (டொங்காட்): கூரையில் வெற்றிடக் குழாய் சோலார் கீசர் வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், குழாய்களுக்குப் பின்னால் வளைந்த எதிரொளிப்புத் தகடு வைத்தால் வெப்பம் இரண்டு மடங்காகும் என்றும், முழு அமைப்பையும் தெற்கு நோக்கித் திருப்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். செய்யலாமா?

பதில்: திசையை முதலில் சரிசெய்வோம். தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அங்கே அவர் சொல்வது சரி. டர்பன் வட்டாரம் தென் அட்சரேகை 30 பாகையை ஒட்டி இருப்பதால், நமக்கு நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கில்தான். ஜூன் 21 நண்பகலில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகை உயரத்திலும், டிசம்பர் 21 நண்பகலில் 83 பாகைக்குச் சற்று மேலும் நிற்கும். ஆகையால் இங்கே கூரை அமைப்பு வடக்கு நோக்கி, சுமார் 30 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எடுத்த காணொளிகளைப் பார்த்துக் கூரை வேலை செய்வோர் நம்மிடையே குறைவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து வளைந்த தகடு. நண்பர் குறிப்பிடுவது கூட்டுப் பரவளையக் குவிப்பியாக இருக்க வேண்டும். ராலண்ட் வின்ஸ்டன் போன்ற ஆய்வாளர்கள் 1960களிலும் 70களிலும் வளர்த்தெடுத்த இந்த வடிவம், சூரியனின் உருவத்தை உருவாக்குவதில்லை. குறிப்பிட்ட கோணத்துக்குள் எங்கிருந்து வரும் ஒளியையும் குழாயிடம் சேர்க்கும். அதனால்தான் சூரியனைப் பின்தொடரும் எந்திரம் இல்லாமலே அது வேலை செய்கிறது. ஆனால் நீண்ட தொட்டி வடிவக் குவிப்பியின் உச்சக் குவிப்பு, ஏற்கும் அரைக்கோணத்தின் சைன் மதிப்பின் தலைகீழ். 30 பாகை அரைக்கோணம் என்றால் குவிப்பு 2. 24 பாகை என்றால் ஏறத்தாழ 2.5.

கிழக்கு மேற்காகக் குழாய்கள் கிடக்கும் அமைப்பில் 30 பாகை அரைக்கோணம் நன்றாகவே பொருந்தும். ஆண்டில் சூரியன் மிகவும் விலகி நிற்கும் ஜூன், டிசம்பர் நாள்களிலும் நண்பகலை ஒட்டி ஐந்தரை மணி நேரம் வெயில் உள்ளே வரும். பேராசைப்பட்டு 24 பாகைக்குச் சுருக்கினால், அதே நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே வேலை செய்யும். உங்கள் வீட்டு அமைப்பிலோ தொட்டி மேலே இருக்கிறது, வெந்நீர் தானாக மேலேற வேண்டும் என்பதற்காகக் குழாய்கள் மேலிருந்து கீழாகச் சாய்ந்து நிற்கின்றன. அவற்றுக்குக் குறுக்கே சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் நகர்கிறது. 30 பாகை அரைக்கோணக் குவிப்பி அங்கே ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மட்டுமே நேர் வெயிலை ஏற்கும். காலையும் மாலையும் நிழலில் போகும். நாள் முழுவதும் கணக்கிட்டால் நீங்கள் எதிர்பார்க்கும் இரண்டு மடங்கு வராது. அகன்ற கோணமுடைய ஆழமில்லாத தகடு வையுங்கள். குழாய்களின் இடைவெளி வழியே வீணாகும் ஒளியை அது குழாய்களின் முதுகுக்குத் திருப்பும். தண்ணீர் எடுக்காத நாள்களில் வெற்றிடக் குழாய் 200 பாகை செல்சியஸையும் தாண்டக்கூடும் என்பதால், அழுத்த விடுவிப்பு வால்வைச் சோதிக்காமல் எந்தத் தகட்டையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி (லெனேசியா, மாணவி): பெரிய சூரிய வெப்ப மின் நிலையங்கள் எல்லாம் வடக்குக் கேப் மாகாணத்திலேயே இருப்பது ஏன்? நட்டால் கடற்கரையிலும் வெயில் கொளுத்துகிறதே. கண்ணாடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எவ்வளவு சூடும் எட்டலாமா?

பதில்: நம் உடம்பு உணரும் வெயில் வேறு, குவிப்பிக்குப் பயன்படும் வெயில் வேறு. கடற்கரையின் ஈரப்பதமும் மெல்லிய மேகமும் ஒளியைச் சிதறடித்து வானம் முழுவதிலிருந்தும் அனுப்புகின்றன. குவிப்பி எத்தனை மடங்கு கூட்டுகிறதோ, சிதறிய ஒளியில் அத்தனையில் ஒரு பங்கை மட்டுமே அதனால் ஏற்க முடியும். ஐம்பது மடங்கு குவிக்கும் கண்ணாடிக்குச் சிதறிய ஒளி ஏறக்குறைய இல்லாததற்குச் சமம். வடக்குக் கேப்பின் வறண்ட வானத்தில் ஒளி நேர்க்கதிராகவே வந்து சேர்கிறது. 2015இல் பொஃபாடருக்கு அருகே 100 மெகாவாட் திறனுடைய காக்ஸூ நிலையமும், 2016இல் அப்பிங்டனுக்கு அருகே 50 மெகாவாட் கை சோலார் ஒன் கோபுர நிலையமும் அதனால்தான் அங்கே எழுந்தன. முன்னது பரவளையத் தொட்டிகளால் ஆனது. பின்னதில் 4,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிகள் ஒளியை 205 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு அனுப்புகின்றன.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பூமியிலிருந்து பார்த்தால் சூரிய வட்டின் அரைக்கோணம் ஏறத்தாழ 0.27 பாகை. காற்றில் எந்தக் கருவியாலும் அதன் ஒளியைச் சுமார் 46,000 மடங்குக்கு மேல் குவிக்க முடியாது. நீண்ட தொட்டி வடிவத்தில் எல்லை 215 மடங்கு. பொறியாளரின் திறமைக் குறைவால் வந்த எல்லை அன்று இது. இதை மீற முடிந்தால், சூரியனின் மேற்பரப்பைவிட, அதாவது சுமார் 5,800 கெல்வினைவிடச் சூடான பொருளைச் சூரிய ஒளியாலேயே உண்டாக்கலாம். வெப்பம் தானாகக் குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குப் பாய்ந்ததாகிவிடும். ஒற்றைப் பரவளையக் கிண்ணம் இந்த எல்லையில் நாலில் ஒரு பங்கையே எட்டும். மீதியை எட்ட உதவுவது உருவம் காட்டாத ஒளியியல் என்ற துறை. 1988இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வின்ஸ்டன் குழுவினர் 56,000 மடங்கை எட்டினார்கள். காற்றின் எல்லையை அவர்கள் தாண்டியதற்குக் காரணம், குவிப்பியை ஒளிவிலகல் எண் மிகுந்த எண்ணெயால் நிரப்பியதே. அப்போது எல்லை அந்த எண்ணின் வர்க்க மடங்கு உயரும். இயற்பியலில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால், இந்த வாதத்தை நீங்களே வரிவரியாக எழுதிப் பாருங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): கோயில் மண்டபம் பகலிலும் இருண்டிருக்கிறது. கூரையிலிருந்து 2 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒளிக்குழாய் வைக்கலாம் என்கிறார்கள். சாதாரண அலுமினியத் தகட்டில் நாங்களே செய்துகொள்ளலாமா?

பதில்: குழாயை நீங்களே செய்யலாம், உள்பூச்சில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜூன் மாத நண்பகலில் ஒளி அந்தக் குழாய்க்குள் குறைந்தது பத்து முறை சுவரில் மோதித்தான் கீழே வரும். ஒவ்வொரு மோதலிலும் நூற்றுக்கு 90 பங்கு திரும்பினால் பத்து மோதலுக்குப் பின் 35 பங்கே மிஞ்சும். 98 பங்கு திரும்பினால் 82 பங்கு மிஞ்சும். டிசம்பரில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் ஓரிரு மோதல்தான், எந்தத் தகடானாலும் வெளிச்சம் நன்றாக வரும். டிசம்பரில் சோதித்துப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

கேள்வி (வெருலம்): பழைய டிஷ் ஆன்டெனாவில் அலுமினியத் தாள் ஒட்டிச் சமைக்க முடியுமா?

பதில்: முடியும். 80 சென்டிமீட்டர் தட்டின் பரப்பு அரைச் சதுர மீட்டர். தெளிந்த வெயிலில் அதன் மேல் 450 வாட் அளவுக்கு நேர்க்கதிர் விழும். அதில் பாதி பாத்திரத்துக்குள் சேர்ந்தாலும் ஒரு லிட்டர் தண்ணீர் 25 நிமிடத்தில் கொதிக்கும். பாத்திரம் கருமையாக இருக்கட்டும். இவ்வகைத் தட்டு சாய்வுப் பரவளையம் என்பதால் குவியம் நடுவில் இராது, பழைய கைப்பிடியின் நுனியில் இருக்கும். குவியத்தை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள். சமையல் முடிந்ததும் தட்டை மூடி, கவிழ்த்து வையுங்கள். முற்றத்தில் சும்மா கிடக்கும் தட்டு, சூரியன் நகர்ந்து வந்து பொருந்தும் நேரத்தில் வேலியையோ திரைச்சீலையையோ பற்றவைத்துவிடும்.

கேள்வி (உம்லங்கா): கடற்கரை ஓரத் தோட்ட விளக்குக்கு அக்ரிலிக் லென்ஸா, பாலிகார்பனேட் லென்ஸா?

பதில்: சில்லு மிகவும் சூடாகாத விளக்கு என்றால் அக்ரிலிக். வெயிலில் அது எளிதில் மஞ்சளாகாது, ஒளியில் நூற்றுக்கு 92 பங்கைக் கடத்தும். பாலிகார்பனேட் அடியையும் சூட்டையும் தாங்கும் என்றாலும், புறஊதாத் தடுப்பு இல்லாமல் வாங்கினால் நிறம் மாறிவிடும். எதை வாங்கினாலும் கடற்காற்று படியவிடும் உப்புப் படலத்தை வெறும் தண்ணீரால் கழுவி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். உலர்ந்த உப்பின் மேல் துணியைத் தேய்த்தால் லென்ஸின் முகம் கீறிப்போகும்.