அலைன்மென்ட் பார்த்தும் ஸ்டீயரிங் அலைகிறதே?

கேள்வி: மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது காரின் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம் வருகிறது. ஸ்டீயரிங்கும் அலைகிறது. இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டேன், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது. டயரை மாற்றிவிடட்டுமா?

பதில்: டயரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் டை ராட் எண்டைப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ராக் என்ற பல் வெட்டிய தண்டு பக்கவாட்டில் நகரும். அதன் இரு முனையிலும் உள்ள டை ராட்தான் சக்கரத்தைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகிறது. அது சக்கரத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் குண்டு மூட்டுதான் டை ராட் எண்ட். அதில் ஆட்டம் விழுந்துவிட்டால், மெஷினில் எவ்வளவு நுணுக்கமாக டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) வைத்தாலும் ரோட்டில் இறங்கியதும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஆட்டம் பார்க்காமலே அலைன்மென்ட் செய்பவரிடம் மூன்றாம் முறை போகாதீர்கள்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஒருவரை ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் மூட்டின் மேல் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். அங்கே அசைவில்லை, ஆனாலும் சக்கரம் ஆடுகிறது என்றால் உள்ளே டை ராட் ராக்கோடு சேரும் மூட்டான ராக் எண்டைச் சந்தேகப்படுங்கள். 12, 6-இல் பிடித்தால்தான் ஆடுகிறதா? அது பேரிங் அல்லது கீழ் பால் ஜாயிண்ட், வேறு கதை.

டை ராட் எண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையையும் பாருங்கள். கிழிந்திருந்தால் கிரீஸ் வெளியே போய், சேறும் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். வெளியே கிரீஸ் தடவிச் சமாளிக்க முடியாது, டை ராட் எண்டை மாற்றத்தான் வேண்டும்.

தொழில் பழகிய காலத்தில் பழைய டை ராட் எண்டை முறுக்கிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணாமல், புதியதை உத்தேசமாக முறுக்கிவிட்டேன். அன்று மாலையே வண்டிக்காரர் திரும்பி வந்தார். நேராக ஓடும்போது ஸ்டீயரிங் ஒருபக்கம் சாய்ந்தே நின்றது. அன்றிலிருந்து சுற்றை எண்ணி, சாக்பீஸால் தரையில் எழுதிவைத்துக்கொள்கிறேன். சுற்று சரியாக இருந்தாலும் மாற்றியபின் அலைன்மென்ட் கட்டாயம்.

இன்னொன்று. டை ராட் எண்டைப் பிடித்திருக்கும் நட்டின் பள்ளமும், அது ஏறும் மரையில் உள்ள துளையும் நேராகாவிட்டால் நட்டைத் தளர்த்தாதீர்கள், இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். அந்தத் துளையில் போட்டு, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் புதிதாக இருக்கட்டும். பழையதையே நிமிர்த்திப் போடுபவரைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.